செப்பும் பந்தும் சட்டைப்பையும்

அரசியல் மேடைகளில் எதிராளியைச் சாட நம்மவர்களுக்குக் கைவசம் ஒரு சொல் உண்டு: செப்பிடு வித்தை. வரவுசெலவுக் கணக்கில் பற்றாக்குறையை மறைப்பவர் செய்வது செப்பிடு வித்தை. கொடுத்த வாக்குறுதியைக் கொடுக்கவே இல்லை என்று சாதிப்பவர் செய்வதும் அதுவே. இப்படி வசையாகப் புழங்கிப் புழங்கி, அந்தச் சொல்லுக்குள் ஒரு பொருள் உட்கார்ந்திருப்பதை மறந்துபோனோம். செப்பு என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். குங்குமச் செப்பு என்கிறோமே, அந்தச் செப்பு. செப்பைக் கவிழ்த்து, நிமிர்த்தி, அதனடியில் பந்தை வரவழைத்தும் மறைய வைத்தும் காட்டுவது செப்பிடு வித்தை. செப்படி வித்தை என்றும் சொல்வதுண்டு. மலையாளத்தில் இன்றும் இந்த ஆட்டத்துக்குச் ‘செப்பும் பந்தும்’ என்றுதான் பெயர்.

கருவியின் பெயரையே கலைக்கு வைத்தவர்கள் நாம் மட்டுமில்லை. லத்தீனில் வித்தைக்காரருக்கு இருந்த பெயர்களில் ஒன்று, காடி ஊற்றி வைக்கும் சிறு கிண்ணத்தின் பெயரிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் கூழாங்கல் ஆட்டக்காரர் என்றார்கள். ரோமானியத் தத்துவவாதி செனெகா தம் கடிதமொன்றில் தர்க்கவாதிகளின் சொல்விளையாட்டை இந்தக் கிண்ண வித்தையோடு ஒப்பிடுகிறார். ஏமாறுவதில்தான் அதன் இன்பம் இருக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடும் என்பது அவர் கருத்து. அதற்கு மதிப்பளித்து, இந்தக் கட்டுரையில் எந்த வித்தையின் ரகசியத்தையும் நான் உடைக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ரகசியம் இல்லை, சாமான். அதிலும், மேடை வித்தையின் பெரும் பெட்டிகளும் வாள்களும் இல்லை. விருந்துகளில் மேசைக்கு மேசை நடந்து, நம் முழங்கைக்கு அருகில் நின்று வித்தை காட்டுகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் சாமான்கள்.

நாடகத்தைப் பற்றியும் சிற்பத்தைப் பற்றியும் விமர்சனம் எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தச் சின்னப் பொருட்களைப் பற்றித் தமிழில் யாரும் விமர்சனமாக எழுதி நான் படித்ததில்லை. எழுதத் தகுந்தவை அவை என்பதே என் கட்சி.

*

முதலில் அவை வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும். டொரொன்டோவிலோ லண்டனிலோ ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் கிண்ணமும் தட்டும் கண்ணாடித் தம்ளர்களும் நிறைந்திருக்கும். வித்தைக்காரருக்குக் கையகல இடம்கூட இராது. எதிரே எட்டுப் பேர், முதுகுக்குப் பின்னால் ஒரு சிறுவன், பக்கவாட்டில் பரிமாறுகிறவர். பாட்டுச் சத்தம் வேறு. மூன்று நான்கு நிமிடத்தில் வித்தையைத் தொடங்கி, நடத்தி, முடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போக வேண்டும். இரண்டு மேசைக்கும் நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடிக்குள் எல்லாச் சாமானும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். தொழிலில் இதை ரீசெட் என்கிறார்கள்.

மேடை வித்தைக்காரருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவருக்குத் திரை உண்டு, விளக்கு உண்டு, பார்வையாளர் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மேசைக்கு மேசை போகிறவருக்கு எந்தப் பக்கமும் மறைவில்லை. அவர் சாமானை முதல் மேசையில் ஒரு பாட்டி வாங்கித் தட்டிப் பார்ப்பார். ஐந்தாவது மேசையில் ஒரு குழந்தை வாயில் வைக்கும். இருபது மேசை இருந்தால் இருபது தடவையும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். மென்பொருள் அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் எனக்கு இது பழக்கமான சங்கடம். ஒரு தடவை அருமையாக ஓடிக்காட்டும் நிரலை யாரும் எழுதிவிடலாம். முந்தைய ஓட்டத்தின் சுவடே இல்லாமல் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கும் நிரல்தான் கைத்திறனைக் கேட்கும்.

இந்த நெருக்கடியிலிருந்து பிறந்த சாமான்களில் சிலவற்றை எடை போட்டுப் பார்க்கலாம். ஸ்பாஞ்சுப் பந்து வேலைக்கு மிக உண்மையானது. வித்தை நடப்பது பார்வையாளரின் மூடிய கைக்குள். அதனால் மேசை தேவையில்லை. ரீசெட் என்று ஒன்றும் கிடையாது. எந்தக் குழந்தையும் சிரிக்கும். ஆனால் அந்தச் சிவப்பு ஸ்பாஞ்சு உருண்டை வித்தைக்காரரின் பையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் வாழ்வதில்லை. ‘இது வித்தைச் சாமான்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டுதான் அது வெளியே வருகிறது. நாணயம் அப்படியில்லை. அது எல்லோர் பையிலும் இருக்கிற பொருள். அதன் எடையும் ஓசையும் நம் விரல்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்பாஞ்சு மறைந்தால் சிரிக்கிறோம். நாணயம் மறைந்தால் ஒரு கணம் நம் கையையே நம்பாமல் பார்க்கிறோம். வித்தையில் கிடைக்கக்கூடியதில் மேலானது அந்த ஒரு கணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் அளவுகோல் இது: நல்ல சாமான் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும். அது வித்தைக்காரரின் கைக்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும்; பார்வையாளரின் கண்ணுக்கு, விசாரிக்கத் தேவையில்லாத பொருளாகத் தோன்ற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்கிற சாமான்கள் கடைகளில் ஏராளம்.

*

கிண்ணத்துக்கே வருவோம். ஐரோப்பிய மரபில் கிண்ணம் உலோகத்தாலானது. பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. கீழே அகன்று மேலே குறுகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். கவிழ்த்து வைத்தால் மேலே வரும் அடிப்பகுதி சற்றுக் குழிந்திருக்கும். பந்து உருண்டு ஓடாமல் அதில் உட்காரும். விளிம்பைச் சுற்றித் தடித்த வளையங்கள் இருக்கும். பால் ஃபாக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரால் அறியப்படும் வடிவத்தை இந்த மரபின் செவ்வியல் வடிவம் என்று பலர் கொள்கிறார்கள். உண்மையிலேயே அழகான பொருள். பருமனும் உயரமும் ஒன்றையொன்று மிஞ்சாதவை. கடைசியில் மூன்று கிண்ணத்துக்குள்ளிருந்தும் எலுமிச்சம்பழம் வரும்போது, அத்தனை பெரிய பழம் இத்தனை சிறிய கிண்ணத்துக்குள் இருந்ததா என்று வியக்க வைக்கும் அளவு. ஆனால் அதற்கு மேசை வேண்டும், விரிப்பு வேண்டும், பார்வையாளர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நாற்காலி போட்டு உட்கார்ந்த சமூகத்தின் கிண்ணம்.

வட இந்தியத் தெரு வித்தைக்காரர்களும் கேரளத்துச் செப்பும் பந்தும் கலைஞர்களும் வைத்திருப்பது வேறு. கடைசல் பிடித்த மரத்தால் ஆன சிறிய கிண்ணம். மணியைப் போன்ற வடிவம். உச்சியில் ஒரு குமிழ். பந்து, துணியைச் சுருட்டிக் கட்டியது. வித்தைக்காரர் தரையில் குந்தியிருப்பார். கூட்டம் சுற்றிலும் நின்று, மேலிருந்து அவர் கையைப் பார்க்கும். மேசை கிடையாது, மடி கிடையாது, பின்பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்க முழுக்கையும் வேண்டும். இந்தியக் கிண்ணத்தைக் குமிழைப் பிடித்து இரண்டு விரலால் தூக்கிவிடலாம். உலோகக் கிண்ணம் மேசையில் பட்டால் ‘ணங்’ என்று ஓர் அறிவிப்பு வரும். மரக்கிண்ணம் மண்ணில் உட்காரும்போது சத்தமே இல்லை. குமிழ் இருப்பதால் அடுக்க முடியாது. ஆகவே அடுக்கிக் காட்டும் அலங்காரங்களுக்கு இடமில்லை. மிஞ்சுவது கையும் பேச்சும் மட்டும். எல்லாப் பக்கமும் திறந்த இடத்தில், கைமேல் கண் வைத்த கூட்டத்தின் நடுவில் வேலை செய்யும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்குக்கு, மிகக் குறைந்த செலவில் கிடைத்த விடை இந்த மரக்கிண்ணம். கல்யாண மண்டபத்தில் மேசைக்கு மேசை நடக்கிறவர் இன்று சந்திக்கும் சிக்கலும் ஏறக்குறைய இதுதான். பால் ஃபாக்ஸ் கிண்ணத்தைவிட அவருக்கு நெருங்கிய உறவு தெருவில் குந்தியிருந்தவர்.

மேற்கில் அவருக்குக் கிடைத்த விடை சாப் கப். ஒரே கிண்ணம், ஒரு பந்து. அமெரிக்க வித்தைக்காரர் அல் வீட்லியின் மேடைப்பெயரான சாப் சாப் என்பதிலிருந்து அதற்கு அந்தப் பெயர் வந்தது. மூன்றை ஒன்றாகக் குறைத்ததே அதன் பெருமை. ஆனால் கிண்ணம் ஒன்றானதும் பார்வையாளரின் சந்தேகமும் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது. மூன்று கிண்ணத்தில் ‘எதற்குள்?’ என்று கேட்டவர்கள், ஒரு கிண்ணத்தில் ‘இதற்குள் என்ன இருக்கிறது?’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். முதல் கேள்வி விளையாட்டு, இரண்டாவது விசாரணை. திறமையானவர்கள் கையில் சாப் கப் பிரமாதமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர்களைக் காப்பாற்றியது கிண்ணம் இல்லை, அவர்களுடைய பேச்சு.

*

சாமானின் அழகு எங்கே இருக்க வேண்டும் என்ற வாதம் ஐரோப்பாவில் பழையது. கடிகாரக்காரராகத் தொழில் பழகிய ராபர்ட்-ஊதென் 1845-இல் பாரீஸின் பலே ரோயாலில் தம் அரங்கைத் திறந்தபோது, முந்தைய வித்தைக்காரர்கள் மேடையில் குவித்து வைத்திருந்த பளபளக்கும் தகரப் பாத்திரங்களையும் தரைவரை தொங்கும் மேசைத் துணிகளையும் ஒழித்துக்கட்டினார். நல்ல வீட்டு வரவேற்பறையில் இருக்கக்கூடிய சாமான்களை மட்டும் வைத்தார். தகரம் பளபளத்தால் பார்வையாளர் கைத்திறனை மறந்து தகரத்தைச் சந்தேகிப்பார் என்பது அந்தக் கடிகாரக்காரருக்குத் தெரிந்திருந்தது.

அதை நூறாண்டு கழித்துக் கைவித்தைக்குள் கொண்டுவந்தவர், 1894-இல் ஒட்டாவாவில் பிறந்த டாய் வெர்னன். இயல்பாக இரு என்பதுதான் அவருடைய பாடம். கிண்ணத்தை எடுப்பது கிண்ணத்தை எடுப்பது போலவே இருக்க வேண்டும். அவருடைய கிண்ண வித்தை, லூயிஸ் கேன்சன் எழுதி 1957-இல் வந்த நூலில் பதிவாகியிருக்கிறது. பின்னால் ஹாலிவுட்டின் மேஜிக் காசிலில் அவர் கழித்த நீண்ட முதுமையில், அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு தலைமுறை.

இந்த வரிசையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பவர் நெதர்லாந்தின் டாமி வொண்டர் (1953–2006). தம் சாமான்களைத் தாமே வடிவமைத்துச் செய்துகொண்டவர். 1996-இல் வந்த ‘தி புக்ஸ் ஆஃப் வொண்டர்’ என்ற இரண்டு தொகுதிகள், வித்தை பற்றிய நூல்களில் விமர்சனம் என்று சொல்லத் தகுந்த சிலவற்றில் ஒன்று. பார்வையாளரின் கவனத்தைத் ‘திசைதிருப்புவது’ என்ற சொல்லே தவறு என்கிறார் அவர். ஒன்றிலிருந்து விலக்க முயன்றால் கவனம் அங்கேதான் போகும். ஆகவே சுவையான இன்னொன்றை நோக்கி அதை வழிநடத்த வேண்டும். அவருடைய இரண்டு கிண்ண வித்தை இந்தக் கருத்தின் செயல்வடிவம். கிண்ணங்கள் ஒரு துணிப்பைக்குள்ளிருந்து வெளியே வருகின்றன. பையை ஓரமாக வைத்துவிடுகிறார். நாமும் அதை மறந்துவிடுகிறோம். பந்து வருகிறது, போகிறது. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கினால் உள்ளே இருப்பது அந்தப் பை. பொட்டலம் என்று நாம் கணக்கிலேயே சேர்க்காத பொருள்தான் வித்தையின் மையமாக இருந்திருக்கிறது.

இதுவும் மேசை வேண்டுகிற வித்தைதான். ஆனால் சாமானைப் பற்றி அது சொல்லும் பாடம் நடந்துகொண்டே வித்தை காட்டுகிறவருக்குத்தான் அதிகம் பொருந்தும். அவர் கையில் இருப்பவற்றில் சிறந்த சாமான், நாம் சாமான் என்று எண்ணாத ஒன்றாக இருக்கும்: பக்கத்து நாற்காலிக்காரரிடம் இரவல் வாங்கிய மோதிரம், கை துடைக்கும் காகிதம், எழுதுவதற்கு நீட்டிய பேனா.

*

இந்தக் கண்ணோடு இன்றைய சந்தையைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. வேலைப்பாடு ஒருபோதும் இவ்வளவு உயர்ந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கனத்த செம்பில் கடைந்த கிண்ணங்கள், அதன்மேல் செதுக்கிய கொடிகள், நாணயத்தை இம்மி பிசகாமல் ஏற்றுக்கொள்ளும் பித்தளைப் பெட்டிகள், வெல்வெட் விரித்த மரப்பேழைகள், வரிசை எண் பொறித்த குறைந்த எண்ணிக்கைப் பதிப்புகள். கையில் எடுத்துப் பார்த்தால் கீழே வைக்க மனம் வராது. சிக்கலே அங்கேதான். பார்வையாளருக்கும் மனம் வராது. கிண்ணம் அத்தனை அழகாக இருந்தால் அவர் கிண்ணத்தைத்தான் விசாரிப்பார். ராபர்ட்-ஊதென் துரத்திய தகரம், செம்பு வேடம் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

சேகரிப்பவர்கள் இல்லையென்றால் இந்தக் கைவினை பிழைக்காது என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. வீணை செய்கிறவருக்கும் வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் வீணையை அளக்கக் கடைசியில் நாதம் இருக்கிறது. அலமாரிக்காகவே செய்யப்படும் கிண்ணத்தை அளக்க ஒன்றும் இல்லை. அது எந்த மேசையிலும் தோற்றதில்லை. ஆகவே திருந்தவும் இல்லை. தெருவில் புழங்கிய மரக்கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் யாரோ ஒருவர் கூட்டத்தின் நடுவில் பிடிபட்டதிலிருந்து கற்ற பாடமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அலங்காரக் கிண்ணத்தின் வளைவுகள் புகைப்படத்துக்காக.

*

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது: பெயர்கள். நாணய வித்தைக்காரர்களிடம் ஓகிட்டோ பெட்டி என்ற சிறு உலோகப் பெட்டி ஒன்று உண்டு. குறைவான உழைப்பில் நிறைவான வியப்பு. என் அளவுகோலில் உயர்ந்த இடம் அதற்கு. ஓகிட்டோ என்பவர் தியோ பாம்பர்க் என்ற டச்சுக்காரர். ஆசிய உடையில் மேடையேறியவர். டோக்கியோவின் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு அமைந்த பெயர் அது. சாப் கப்புக்குப் பெயர் தந்த அல் வீட்லியும் சீன வேடத்தில் ஆடிய அமெரிக்கர். சீட்டைக் கலைக்கும் ஒரு முறைக்கு ஹிந்து ஷஃபிள் என்று பெயர். ஊதினி வாயில் ஊசிகளையும் நூலையும் போட்டு, கோத்த ஊசிகளாக வெளியே இழுத்த வித்தையைக் கிழக்கிந்திய ஊசி வித்தை என்று விளம்பரம் செய்தார். சாமானிலும் விளம்பரத்திலும் ஆசியா நிரம்பியிருக்கிறது. ஆசியர் ஒருவரின் பெயர் இல்லை.

ஊசிக்கு முன்னால் மணிகளை வாய்க்குள் போட்டுக் குதிரை முடியில் கோத்து எடுத்துக் காட்டியவர் ஒருவர் லண்டனில் இருந்தார். ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை ராமோ சாமி என்று எழுதின. ராமசாமியாக இருக்கும். அவர் தமிழரா, தெலுங்கரா, கன்னடரா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. தென்னாட்டுப் பெயரோடு புலம்பெயர்ந்து வாழ்ந்த கைவித்தைக்காரர் என்பது போதும். கிண்ணமும் பந்தும் ஆடினார், பித்தளைப் பந்துகளை வீசிப் பிடித்தார், வாளை விழுங்கினார். 1810-கள் தொடங்கிப் பல ஆண்டுகள் அவர் பெயருக்குக் கூட்டம் கூடியது. 1850-இல் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது.

ஆங்கில விமர்சனக் கட்டுரையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹாஸ்லிட், 1821-இல் நூலாக வந்த தம் கட்டுரைகளில் ஒன்றுக்கு ‘இந்திய வித்தைக்காரர்கள்’ என்று தலைப்பிட்டார். அதில் வரும் பந்தாட்டக்காரர் ராமோ சாமியாகவே இருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. நான்கு பித்தளைப் பந்துகள் காற்றில் சுழல்வதைப் பார்த்து, தம் எழுத்தில் இப்படிப் பிழையில்லாத ஒன்றைக்கூடத் தம்மால் செய்ய முடியவில்லையே என்று ஹாஸ்லிட் வெட்கப்படுகிறார். கைத்திறனின் நேர்மை அவருக்குப் புரிகிறது: பந்து கையில் விழுந்ததா, தரையில் விழுந்ததா என்பதில் பூசி மெழுக வழியில்லை. பிறகு மெல்ல நழுவி, இது இயந்திரத் திறமை, மேதைமை வேறு என்று தரம் பிரித்துக் கீழே இறக்குகிறார். கயிற்றில் ஆடிய ரிச்சரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஃபைவ்ஸ் என்ற பந்தாட்டத்தில் புகழ்பெற்ற கவனாவுக்கு நீண்ட அஞ்சலியே எழுதுகிறார். தலைப்பில் இருக்கும் இந்தியருக்குப் பெயர் இல்லை. நான் மிகவும் மதிக்கும் கட்டுரை அது. இந்தக் குறையோடு சேர்த்தே அதை மதிக்கிறேன்.

குறை அங்கேயே முடிந்துவிடவில்லை. லீ சீகல் 1991-இல் எழுதிய ‘நெட் ஆஃப் மேஜிக்’ நூலில் வரும் தெரு வித்தைக்காரர்கள் டெல்லியின் ஷாதிப்பூர் டிப்போ பகுதியில் வாழ்ந்தவர்கள். அங்கே கட்புத்லி காலனி என்ற கலைஞர் குடியிருப்பு 2017-இல் இடிக்கப்பட்டது; மறுகட்டுமானத்துக்காக என்றார்கள். அதற்கு முன்னும் அவர்களுக்குச் சட்டம் சாதகமாக இருந்ததில்லை. 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுப்புத் தடைச் சட்டம், பொது இடத்தில் வித்தை காட்டிக் காசு வாங்குவதையும் பிச்சை என்ற வரையறைக்குள் சேர்த்திருந்தது. டெல்லியில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2018-இல்தான் நீக்கியது. ஒருவர் செம்புக் கிண்ணத்தோடு ஐந்து நட்சத்திர விடுதியில் நடந்தால் கலைஞர். அதே ஆட்டத்தை மரக்கிண்ணத்தோடு தெருவில் ஆடினால் பிச்சைக்காரர். செப்பிடு வித்தை என்று யாரையாவது திட்ட வேண்டுமானால் அந்தச் சட்டப்பிரிவை எழுதியவர்களிடமிருந்து தொடங்கலாம்.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் இந்த வித்தையில் ஈடுபாடு காட்டுவதைப் பார்க்கிறேன். கடையில் முதல் கிண்ணம் வாங்கப் போகும் பிள்ளையிடம் எனக்குச் சொல்ல இருப்பவை சில. விலையைப் பார்க்காதே, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து பார். மேசையில் வைத்து ஓசையைக் கேள். உன் பாட்டியிடம் கொடு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வேண்டாம், பேச்சுக்கு நடுவில் கீழே வைத்துவிட்டால் வாங்கிக்கொள். முடிந்தால் கடைசல் பட்டறையில் மரத்தில் ஒன்று செய்துதரச் சொல்லிக் கேள், உச்சியில் குமிழோடு. அதற்கு யார் பெயரை வைப்பது என்று யாராவது கேட்டால், லண்டனில் ஒருவர் இருந்தார் என்று சொல்.